அடுத்தவர் பந்தலில் ஒரு முந்திரிகைக் கொடி

லண்டனுக்கு வந்த முதல் மாதத்தில் தியாகராஜாவுக்கு ஓர் அலுவலகத்தில் படிவம் நிரப்பினார்கள். ஊரில் என்ன தொழில் செய்தாய் என்று மேசைக்கு அப்பால் இருந்தவர் கேட்டார். உரும்பிராயில் முந்திரிகைத் தோட்டம், நானூறு கொடி, வருடத்தில் இரண்டு தரம் காய் என்று இவர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ‘கிரேப்ஸ்’ என்று ஆங்கிலத்தில் சொன்னார். மேசைக்காரர் பேனாவைக் கொஞ்சம் நிறுத்தி யோசித்துவிட்டு, ‘பயிற்சி பெற்ற தொழில் இல்லை’ என்று எழுதினார். அது 1986.

பதினாறு வயதிலிருந்து கொடியோடு கிடந்தவர் தியாகராஜா. எந்தக் கொப்பு காய்க்கும், எது சும்மா இலை விட்டு ஏமாற்றும் என்று நடந்து போகும்போதே சொல்லுவார். அப்படிப்பட்டவர் பயிற்சி இல்லாதவராம். முந்திரிகை மரத்தில் காய்ப்பதா நிலத்தில் விளைவதா என்று தெரியாத மேசைக்காரர் பயிற்சி பெற்றவராம். இந்த அநியாயத்துக்கு எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் பெயர் தலைவிதி. அந்தச் சொல்லைச் சொல்லித் திருநீற்றைப் பூசிவிட்டால் யாரும் யாரையும் கேள்வி கேட்கத் தேவையில்லை.

படிவம் சொன்னபடியே வேலையும் கிடைத்தது. பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட், கண்ணாடிக் கூட்டுக்குள். மனோர் பார்க்கில் ஒரு வீட்டின் மேல்மாடியில் அவரும் மனைவி செல்வமலரும் இருந்தார்கள். கீழே தோட்டம் இருந்தது, ஆனால் அது கீழ்வீட்டுக்காரருக்கு. கவுன்சில் வாடகைக்கு விடும் அலொட்மென்ற் காணி ஒன்றுக்கு விண்ணப்பித்தார். வரிசை நீளம், நாலைந்து வருடம் ஆகும் என்று கடிதம் வந்தது.

அப்போதுதான் ஜம்புநாதன் பாதிக் காணி தந்தார்.

ஜம்புநாதன் கும்பகோணத்துக்காரர். அறுபத்தேழில் வந்து, ரயில் சிக்னல் எஞ்சினியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், அதைச் சொல்லத்தான் வேண்டும். முருகன் கோயில் வாசலில் கண்ட பழக்கத்தில், “என் பிளாட்ல பாதி சும்மாதான் கெடக்கு சார், வந்து பயிர் பண்ணுங்க” என்றார். தியாகராஜா அந்தப் பாதியில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் போட்டார். மற்றப் பாதியில் நின்றது ஒரு முந்திரிகைக் கொடி. ஜம்புநாதன் அதைத் திராட்சை என்பார்.

அந்தக் கொடியை நட்டவர் ஜம்புநாதன் இல்லை. அவருக்கு முன் அந்தக் காணியை வைத்திருந்த இத்தாலியக் கிழவர் ஒருவர் நட்டு, இரும்புக் குழாயில் பந்தலும் போட்டுவிட்டு, ஊருக்குப் போய்விட்டார். காணியோடு கொடியும் வந்தது. ஜம்புநாதன் செய்ததெல்லாம் அதன் கீழே ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டதுதான்.

தியாகராஜாவுக்குப் பொறுக்க முடியாமல் போனது இதுதான். முப்பது வருடம் கொடி வளர்த்தவனுக்கு ஒரு சாண் கொடி இல்லை. வேலிச்செடி கத்தரிப்பது போல நுனியை மட்டும் நறுக்கும் ஓர் எஞ்சினியர் தலைக்கு மேல் பந்தல் முழுக்கக் கொடி. வெட்டுத் தெரியாததால் கொத்தெல்லாம் சின்னது, பாதியில் சாம்பல் பூத்துக் கிடக்கும். ஆனாலும் செப்டெம்பரில் ஜம்புநாதன் தட்டு நிறையப் பழத்தோடு கோயிலுக்குப் போவார். “லண்டன் மண்ணுல திராட்சை! என்ன கைராசி சார் உங்களுக்கு!” என்று சனம் வாயைப் பிளக்கும். பக்கத்தில் நின்று தியாகராஜாவும் தலையாட்டுவார். வீட்டுக்கு வந்து, தனக்குத் தந்த பங்கைத் தொடாமல் செல்வமலரிடம் கொடுப்பார்.

“ஏன், நீங்கள் தின்னேல்லையோ?”

“புளி.”

“நல்லாத்தானே கிடக்கு.”

“புளி எண்டு சொல்லுறன், விடன்.”

காலையில் ஷிப்ட் முடிந்து நேரே காணிக்குப் போவார். தன் பாதியில் கொத்தும்போது கண் மட்டும் மற்றப் பாதிக்குப் போகும். எத்தனை கொத்து, எந்தக் கொப்பில் எத்தனை என்று மனப்பாடமாகத் தெரியும். சொந்தக்காரருக்குத் தெரியாது. புயலடித்த ஒரு நாள் பந்தல் சரிந்திருக்குமோ என்று விழுந்தடித்து ஓடிப் போனவர், அது சரியாமல் நிற்பதைக் கண்டதும் தனக்கு வந்தது நிம்மதியில்லை, ஏமாற்றம் என்பதை அறிந்து வெட்கப்பட்டாராம். இதை அவரே பின்னொரு நாள் சொன்னார். பொறாமையைப் பற்றி இவ்வளவு நேர்மையாகச் சொன்ன வேறு ஆளை நான் சந்தித்ததில்லை.

1991 இல் சாம்பல் நோய் கொத்தையெல்லாம் தின்றது. கோயில் தட்டுக்குப் பத்துப் பழம் தேறவில்லை. ஜம்புநாதனின் மனைவி வேதவல்லி வெளிப்படையான பெண். “உங்களுக்குத்தான் வரலியே, அந்தத் தம்பிகிட்ட கத்தரியக் குடுங்களேன். நானூறு கொடி வெட்டினவர பக்கத்துல வச்சுக்கிட்டு நீங்க என்னத்துக்கு நறுக்கறீங்க?” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். ஜம்புநாதன் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு முகத்தில் பாதியில் நின்றுவிட்டது.

ஜனவரியில் ஒரு நாள். நிலம் இறுகிக் கிடந்தது. தியாகராஜா பந்தலை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஜம்புநாதன் கோட்டுப் பையில் ஒரு தடித்த புத்தகம்.

“எப்ப வெட்டலாம் சார்?”

“இப்ப வெட்டப்படாது அண்ணை. கொடி நித்திரை. செத்த கொப்பு எது, உயிர்க்கொப்பு எது எண்டு பாக்கேலாது. குளிர் போகட்டும், அது முழிக்கட்டும். மார்ச்சிலை வெட்டுவம்.”

ஜம்புநாதன் வாயைத் திறந்தார். கை கோட்டுப் பைக்குப் போயிற்று. பிறகு வெறுங்கையாய் வெளியே வந்தது. “எக்ஸ்பர்ட் நீங்க. நீங்க சொன்னா சரி” என்றார்.

தியாகராஜாவின் கணக்கில் பிழை இல்லை, அவர் ஊருக்கு. அங்கே கொடிக்குக் குளிர்கால நித்திரை கிடையாது. காய் வேண்டும் என்று நினைத்தால், தண்ணீரை மறித்து, கொடியைக் காயவிட்டு, பிறகு வெட்டுவார்கள். வெட்டுத்தான் அதை எழுப்பும். குளிரில் உறங்கும் கொடியை வெட்டி அவருக்குப் பழக்கமில்லை. லண்டனில் தண்ணீரை யார் மறிப்பது? வானம் யாரைக் கேட்டுக்கொண்டு பெய்கிறது?

பெப்ரவரி போயிற்று. அந்த மாத வேலைகளை இருவரும் அவரவர் பாதியில் செய்தார்கள். ஜம்புநாதன் பட்டியல் எழுதி ஒவ்வொன்றாகக் கோடடித்துக்கொண்டு செய்வார்: ரோஜாவைக் கத்தரிப்பது, றூபாப் என்ற புளிப்புத் தண்டின் மேல் வாளியைக் கவிழ்ப்பது, நாற்று வளர்க்கும் கண்ணாடிப் பெட்டியைக் கழுவுவது. தியாகராஜா வான்ஸ்டெட் பக்கத்துக் குதிரை லாயத்திலிருந்து எரு கொண்டுவந்து பரப்பினார். வீட்டில் முட்டைத் தட்டுகளில் விதைக்கிழங்கை முளைக்க வைத்தார். வேலியோரம் வெள்ளையாய்த் தலை கவிழ்ந்த சின்னப் பூக்கள் வந்து போயின. அவற்றுக்குப் பின் மஞ்சளும் ஊதாவுமாக வேறு வந்தன. ஒரு கருங்குருவி காலையில் பாடத் தொடங்கியது. மார்ச் நடுவில் ஒரு ஞாயிறு, வெயில் கையில் சுட்டது.

“இண்டைக்கு வெட்டலாம்” என்றார் தியாகராஜா.

அவர் வெட்டுவதைப் பார்க்க வேண்டும். ஆறு வருடம் பெற்றோல் பம்ப் இலக்கங்களை அமத்திய விரல்களா அவை? ஏணியில் ஏறி நின்று, கொப்பைத் தொட்டு, ஒரு கணம் பார்த்து, சக். அடுத்தது. சக். தயக்கமே இல்லை. காடாய்க் கிடந்த பந்தல் இரண்டு மணி நேரத்தில், எலும்பு தெரியும்படி, அழகான ஒழுங்கில் நின்றது. வேதவல்லி தேநீர்ப் போத்தலோடு வந்து, “அடேயப்பா! இப்பத்தான் இது கொடி மாதிரி இருக்கு” என்றாள். ஜம்புநாதன் மடக்கு நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்து, தியாகராஜாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஒரு கொப்பு. சுண்டுவிரல் பருமன், தேன் நிறம், நெருக்கமாய் முளைகள். கொடி முழுவதிலும் அதுதான் சிறந்தது. விட்டால் பத்துக் கொத்துக்குக் குறையாது. அது நேரே நாற்காலிக்கு மேலால் போயிற்று. அடுத்த செப்டெம்பரில் அந்தப் பத்துக் கொத்தும் ஜம்புநாதனின் தலைக்கு மேல் தொங்குவதும், சனம் வாயைப் பிளப்பதும் தியாகராஜாவுக்குத் தெரிந்தன. ஜம்புநாதன் எழுந்து தேநீர்க் கோப்பையை வாங்கத் திரும்பினார்.

சக்.

அந்தக் கொப்பை மூன்று துண்டாக்கி ஜக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டு தியாகராஜா வீட்டுக்கு வந்தார். தயிர் வாங்கிய பிளாஸ்ரிக் வாளிகளில் மண் போட்டு, மூன்றையும் நட்டு, சமையலறை ஜன்னலில் திரைச்சீலைக்குப் பின்னால் வைத்தார்.

மறுநாள் காலை காணிக்குப் போனபோது பந்தலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மழை இல்லை. வெட்டிய ஒவ்வொரு நுனியிலும் ஒரு துளி திரண்டு, விழுந்தது. பின்னால் இன்னொன்று. ஊரிலும் கொஞ்சம் கசியக் கண்டிருக்கிறார், அரைநாளில் நின்றுவிடும். இது நிற்கவில்லை. செவ்வாயும் சொட்டியது, புதனும் சொட்டியது. மடக்கு நாற்காலியின் துணி ஊறிப் போயிற்று. தியாகராஜா களிமண் அப்பினார், கழுவிக்கொண்டு போயிற்று. மெழுகுதிரி உருக்கி ஊற்றினார், மெழுகைத் தள்ளிக்கொண்டு வந்தது. செல்வமலரின் பழைய சேலையைக் கிழித்துக் கட்டினார். பந்தல் முழுக்கக் காயக்கட்டோடு கொடி நின்று அழுதது.

“உசிரு போகுதுங்க இதுக்கு” என்றாள் வேதவல்லி. “ஞாயித்துக்கிழம எவ்ளோ அழகா இருக்குன்னு எல்லாரும் வாய் வச்சாங்க. கண்ணு பட்டுடுச்சு.”

கிரீன் ஸ்ட்ரீட்டில் ஒரு பூசணிக்காய் வாங்கி, கரியால் பெரிய கண்ணும் மீசையும் எழுதி, பந்தலில் தொங்கவிட்டாள். மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். லண்டன் அணிலுக்குத் திருஷ்டி சாஸ்திரம் தெரியாது. நாலாம் நாள் அது பூசணியின் ஒரு கண்ணையும் பாதி மீசையையும் தின்றுவிட்டது. கொடி சொட்டிக்கொண்டே இருந்தது.

ஆனால் திருஷ்டி என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு ஓர் ஆள் வேண்டும். யாருடைய கண்? கோயிலில் அடுத்த வெள்ளிக்கிழமையே ஆள் கிடைத்துவிட்டது. செல்வமலர் பிரசாத வரிசையில் நிற்கும்போது பின்னால் இருவர் பேசினார்கள்: நானூறு கொடி வைத்திருந்தவராம், எல்லாம் போயிற்றாம், அடுத்தவர் கொடியைப் பார்த்தால் எப்படிப் பார்ப்பார்? இல்லாதவன் கண் கொள்ளிக்கண். செல்வமலர் பிரசாதம் வாங்காமல் வந்துவிட்டாள். கவனியுங்கள், எப்போதும் இழந்தவனுடைய கண்தான் கெட்ட கண். நிறைய வைத்திருப்பவன் இன்னும் வேண்டும் என்று பார்க்கிற பார்வைக்கு எங்கள் சாஸ்திரத்தில் பெயரே கிடையாது.

அதற்கடுத்த ஞாயிறு வேதவல்லி காணியில் தியாகராஜாவைத் தனியாகக் கூப்பிட்டாள். அவளுக்கும் சொல்லச் சங்கடமாகத்தான் இருந்தது.

“தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராம இருங்களேன். இது தேறுதான்னு பாப்போம்.”

“கிழங்கு நடுற நேரம் அக்கா. முளைச்சுப் போச்சு.”

“தெரியுது. ஆனா எல்லாரும் பேசறாங்க.”

தியாகராஜா ஜம்புநாதனைப் பார்த்தார். அவர் தூரத்தில் ரோஜாச் செடிக்குக் குனிந்திருந்தார், நிமிரவில்லை. பாதிக் காணி எழுத்தில் இல்லை. வா என்றார்கள், வந்தார். வராதே என்றால் கேட்க இடமில்லை. இந்த நாட்டில் அவர் கால் மண்ணில் பட்ட ஒரே இடம் அது.

வீட்டில் இரண்டு கிழமை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முட்டைத் தட்டுகளில் கிழங்கு முளை நீண்டு கொண்டிருந்தது. ஏப்ரல் முதல் வாரம், ஒரு காலை, செல்வமலர் திரைச்சீலையைத் தள்ளினாள்.

“இஞ்சருங்கோ, உது என்ன?”

மூன்று தயிர் வாளிகளிலும் முளை வெடித்திருந்தது. இளஞ்சிவப்பில், பஞ்சு மூடியது போல, உள்ளே பச்சை. தியாகராஜாவின் நெஞ்சு துள்ளியது. அங்கே தாய்க்கொடி அழுகிறது, இங்கே என் கொடி முழித்துவிட்டது! அந்தச் சந்தோஷத்தை வேறு எப்படியும் சொல்ல முடியாது, அது பொறாமையின் சந்தோஷம். அது இருந்ததும் செல்வமலர் அடுத்த கேள்வி கேட்கும் வரைதான்.

“எங்கத்தைக் கொப்பு?”

“வெட்டி எறிஞ்சது.”

“எறிஞ்சதெண்டால் ஏன் ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?”

அவர் திரைச்சீலையை மறுபடி இழுத்து மூடப் பார்த்தார்.

“உங்கட கண் கெட்ட கண் எண்டு அவளுகள் சொல்ல, நான் கோயில் எண்டும் பாராமல் சண்டைக்குப் போகப் பாத்தனான். கண்ணை விடுங்கோ. கையைச் சொல்லுங்கோ. கை என்ன செய்தது?”

தியாகராஜா எழுந்து கோட்டைப் போட்டார். மண்வெட்டியும் மண் கிளறும் முள்ளும் காணிக் கொட்டிலில் கிடக்கின்றன, எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னார். வாளிகள் ஜன்னலிலேயே நின்றன.

கொட்டிலில் மண்வெட்டிக்குப் பக்கத்துத் தட்டில் அந்தத் தடித்த புத்தகம் கிடந்தது. நூல்நிலையப் புத்தகம். ஆங்கிலம் அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும், ஆனால் ஒரு பக்கத்தில் காகிதத் துண்டு வைத்திருந்தது. அங்கே முந்திரிகைக் கொடியின் படம், படத்தின் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு. ஜனவரி முடிவதற்குள் வெட்டுக. பிந்தி வெட்டினால் சாறு வழியும். தியாகராஜா அந்த இரண்டு வரியையும் மூன்று தரம் வாசித்தார். பிறகு முதல் பக்கத்தைப் புரட்டினார். திருப்பித் தரவேண்டிய தேதிகள் முத்திரை முத்திரையாய் விழுந்திருந்தன. ஜனவரி, பெப்ரவரி, மார்ச், ஏப்ரல். ஜம்புநாதன் ஒழுங்கான மனிதர், ஒவ்வொரு தரமும் போய்ப் புதுப்பித்திருக்கிறார்.

அவர் புத்தகத்தோடு வெளியே வந்தபோது ஜம்புநாதனும் வேதவல்லியும் வாசல் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள்.

“அண்ணை, உதை எப்ப வாசிச்சனீங்கள்?”

ஜம்புநாதன் புத்தகத்தைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத முகம் அவருடையது.

“ஜனவரில.”

“நான் மார்ச் எண்டு சொல்லேக்கை உங்கட கோட்டுப் பையுக்கை கிடந்தது?”

“ஆமா.”

“தெரிஞ்சுகொண்டு பேசாமல் இருந்தனீங்கள்?”

வேதவல்லி கணவனையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்னங்க இது?”

ஜம்புநாதன் நாற்காலியில் உட்காரப் போனார், ஈரம் என்று நினைவு வந்து நின்றார். “சொல்லியிருந்தா நீங்க ஜனவரிலயே சரியா வெட்டியிருப்பீங்க. நாலு வருஷமா நான் நறுக்கறேன். இவ ஒரு நாள் கூட அடேயப்பான்னு சொன்னதில்ல. நீங்க வெட்டறதுக்கு முன்னாடியே சொல்ல ஆரம்பிச்சுட்டா. உங்களுக்கும் ஒரு தப்பு வரட்டுமேன்னு... இவ்ளோ அழும்னு நெனக்கல சார்.”

“அடப்பாவி மனுஷா!” என்றாள் வேதவல்லி. “நான் தெருத்தெருவா பூசணிக்கா தேடினேனே! அந்தத் தம்பிய வராதேன்னு வேற சொல்ல வச்சீங்களே!”

தியாகராஜா வென்றுவிட்டார். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, எல்லார் காதிலும் விழும்படி இதைக் கோயிலில் சொல்லி, கொள்ளிக்கண் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அப்படித்தான் செய்ய நினைத்தாராம். படலை வரை போனார். பிறகு மண்வெட்டியைச் சாத்தி வைத்துவிட்டு, “நில்லுங்கோ, வாறன்” என்றார்.

அரைமணியில் திரும்பி வந்தார். கையில் ஒரு தயிர் வாளி. அதை நனைந்த நாற்காலியின் மேல் வைத்தார்.

“இது உங்கட கொடி. உந்த நாற்காலிக்கு மேலாலை போன கொப்பு. வெட்ட வேண்டிய கொப்பில்லை. கொடியிலையே திறம் கொப்பு அதுதான். தெரிஞ்சுகொண்டுதான் வெட்டினனான்.”

ஜம்புநாதன் குனிந்து பார்த்தார். இளஞ்சிவப்பு முளை இப்போது கடுகளவு இலையை நீட்டியிருந்தது.

“இது மட்டுமா?”

“இன்னும் ரண்டு வீட்டிலை.”

“அதுலயும் வந்துடுச்சா?”

“ஓம்.”

“என்னோடது இன்னும் ஒண்ணு கூட வரல” என்றார் ஜம்புநாதன். அந்தக் குரலில் கோபத்தைவிட வேறொன்று இருந்தது. தியாகராஜாவுக்கு அது நன்றாகத் தெரிந்த ஒன்று.

வேதவல்லி ஏணியில் ஏறிப் பூசணிக்காயை அவிழ்த்தாள். “கண்ணு கண்ணுன்னு சொன்னேன். ஒருத்தர் கை, ஒருத்தர் வாய்” என்று சொல்லி, அதை எருக்குவியலில் எறிந்தாள். பொறாமை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தச் சாமியாரிடமும் கேட்டதில்லை. கண்ணுக்குச் சக்தி கிடையாது. கத்தரிக்கு உண்டு. சொல்ல வேண்டிய நேரத்தில் மூடியிருக்கும் வாய்க்கும் உண்டு.

அன்றே தியாகராஜா கிழங்கு நட்டார். முளை நீண்டு போனதில் சில உடைந்தன. ஏப்ரல் கடைசியில் பந்தலில் இலை விரிந்தது, சொட்டுவது யாரும் கேட்காமல் நின்றது. மேலே ஏறும் சாற்றைக் குடிக்க இலை வந்துவிட்டால் வழிய மிச்சம் இல்லை, அவ்வளவுதான். செப்டெம்பரில் கொத்துகள் குறைவு, ஆனால் சாம்பல் பூக்காத, முழுப் பழங்கள். நாற்காலிக்கு மேலே மட்டும் வெறும் வானம். கோயில் தட்டை இந்த முறை இருவரும் இரண்டு பக்கம் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒருவர் மற்றவரை நம்பி விடவில்லை என்றுதான் எனக்குப் பட்டது.

94 இல் கவுன்சில் கடிதம் வந்தது. தியாகராஜாவுக்கு முழுக் காணி, ஆறு வரிசை தள்ளி. தயிர் வாளிக் கொடிகள் இரண்டும் அங்கே பந்தலேறின. இப்போது ஒவ்வொரு ஜனவரியும், நிலம் இறுகிக் கிடக்கும் ஒரு காலையில், ஜம்புநாதன் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் உட்காருவார். தியாகராஜா வெட்டுவார். இவர் பார்ப்பார். பிறகு இருவருமாக வந்து பழைய பந்தலை வெட்டுவார்கள். அங்கே கத்தரி ஜம்புநாதன் கையில்.

“உதை விடுங்கோ அண்ணை, அது நல்ல கொப்பு.”

“நெஜமாத்தான் சொல்றீங்களா?”

“ஓம்.”

ஜம்புநாதன் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்ப்பார். பிறகுதான் கொப்பிலிருந்து கத்தரியை எடுப்பார்.